அடுப்படிச் சுவரின் சத்தம்

கயிறக்காவுக்கு வாழ்க்கையில் பெரிய ஆசைகள் என்று எதுவும் கிடையாது. மாடி வீடு வேண்டும், கார் வேண்டும் என்றெல்லாம் அவள் யாரிடமும் சொன்னதில்லை. காலையில் தன்னோடு வேலைக்குக் கிளம்பும் தம்பி சாயங்காலம் தன் இரண்டு காலால் நடந்து வீடு திரும்ப வேண்டும். அவ்வளவுதான். கேட்கச் சின்ன ஆசையாகத்தான் தெரியும். ஆனால் தம்பியின் வேலை மரம் ஏறி வெட்டுவது. அவன் இடுப்பில் கட்டிய கயிற்றின் மறுமுனை அவள் கையில் இருந்தது.

மரம் வெட்டும் கம்பெனி என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டாலும் மொத்தமே மூன்று பேர்தான். அக்காவின் கணவர் முதலாளி. மரத்தைப் பார்த்து முடிவு சொல்கிறவர் அவரே. ஊரே அவரை டொக்டொக் மாஸ்டர் என்றது. ஏறி வெட்டுவது தம்பி. தொண்ணூறு கிலோ ஆள், ஆனால் கிளையில் கால் வைத்தால் இலைக்குக்கூடத் தெரியாது. அதனால் அவனுக்கு அணில் என்று பெயர். கீழே நின்று கயிறு பிடிப்பது அக்கா. பதினாலு வருஷத்துக்கு முன்னால் கணவருக்குச் சாப்பாடு கொடுக்க வந்தவள்தான். அன்றைக்குக் கயிறு பிடிக்க வேண்டிய ஆள் பல் வலி என்று பாதியில் கிளம்பிவிட்டான். டிபன் கேரியரைக் கீழே வைத்துவிட்டு, "இங்க குடுங்க" என்று கயிற்றை வாங்கினாள். அதற்குப் பிறகு அதை யாரிடமும் திருப்பிக் கொடுக்கவில்லை.

மாஸ்டருக்கு அந்தப் பட்டம் சும்மா வரவில்லை. எதையும் தட்டிப் பார்க்காமல் நம்ப மாட்டார். கையில் எப்போதும் ஒரு மரச்சுத்தியல். முதன்முதலாக மாமனார் வீட்டுக்கு வந்த அன்றே வாசல் நிலையைத் தட்டிவிட்டு, "உள்ள ஒண்ணுமே இல்ல, எல்லாம் கரையான் தின்னுடுச்சு" என்றார். வீடே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டது. அடுத்த மாதம் கதவோடு நிலையும் சாய்ந்தபோது மாமனார் மாப்பிள்ளையின் காதுக்கு அன்றைக்கே அடிமையாகிவிட்டார். கடையில் பூசணிக்காயைத் தட்டுவார், சுண்ணாம்பு அடித்த சுவரைத் தட்டுவார், புதுச் செருப்பைக்கூடத் தட்டிப் பார்த்துத்தான் காலில் போடுவார்.

காலையில் எழுந்ததும் அடுப்படிச் சுவரின் வெளிப்பக்கம் நாற்காலியைப் போட்டு உட்கார்வார். டீ வர இரண்டு நிமிஷம் தாமதமானால் போதும், சுத்தியலால் சுவரில் டொக், டொக் என்று ஆரம்பித்துவிடுவார்.

"டீ வேணும்னு வாயைத் திறந்து கேட்டா என்ன, முத்தா உதிர்ந்துடும்?" என்று உள்ளேயிருந்து அக்கா கத்துவாள்.

பதிலுக்கு இன்னொரு டொக் வரும். இருபத்து மூன்று வருஷமாக இந்தச் சத்தத்தைக் கேட்டுக் கேட்டு அவளுக்குக் காது புளித்துப்போயிருந்தது. ஒரு நாள் அந்தச் சுத்தியலை அடுப்பில் வைக்கப்போகிறேன் என்று அவள் மிரட்டாத வாரமில்லை.

இப்படி இருக்கும்போதுதான் அந்த நர்ஸம்மா வீட்டு மரம் வந்து சேர்ந்தது.

நர்ஸம்மா ஆஸ்பத்திரி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், கணவர் போய் ஆறு வருஷம் ஆகிறது. கொல்லைப்புறத்தில் வயசான ஒரு பெரிய மரம். அது நேராக நிற்பதை எப்போதோ விட்டுவிட்டு, பக்கத்து வீட்டு அடுப்படிக் கூரையை எட்டிப் பார்த்தபடி சாய்ந்து நின்றது. உச்சியில் மூன்று கிளைகள் பட்டுப்போய் மொட்டையாக இருந்தன. அடியில் தட்டுத் தட்டாகக் காளான். போன வாரக் காற்றில் ஆள் தொடை கனத்துக்கு ஒரு கிளை முறிந்து, துணி காயப்போடும் கொடியை அறுத்துக்கொண்டு விழுந்திருந்தது.

"இன்னிக்கு வெட்டலாமா, நாளைக்கு வெட்டலாமான்னு யோசிக்கிற மரம் இல்ல இது. எப்படி வெட்டறதுன்னுதான் யோசிக்கணும்" என்றார் மாஸ்டர்.

அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. முழுசாகச் சாய்க்க இடம் கிடையாது. ஒரு பக்கம் நர்ஸம்மா வீடு, ஒரு பக்கம் பக்கத்து வீட்டு அடுப்படி, இன்னொரு பக்கம் கரண்ட் கம்பிகள். ஆகவே மேலே ஏறி, உச்சியிலிருந்து துண்டு துண்டாக இறக்கிக்கொண்டு வர வேண்டும். ஏறுகிறவனைத் தாங்க அடிமரத்துக்குத் தெம்பு இருக்கிறதா என்பதுதான் கேள்வி. அதற்குப் பதில் சொல்லத்தான் மாஸ்டரின் சுத்தியல் இருக்கிறதே.

ஏணி போட்டு, மார்பு உயரத்திலிருந்து மேலே, கிளை பிரியும் கவட்டைக்கு ஒரு முழம் கீழே வரை ஒன்பது இடத்தில் தட்டினார். தட்டத் தட்ட முகம் மலர்ந்தது.

"அடேங்கப்பா! வெளியில பாத்தா நோயாளி, உள்ள பயில்வான். இரும்பு மாதிரி இருக்கு மாப்ள" என்றார். பிறகு சட்டைப் பையிலிருந்து சாக்பீஸை எடுத்துக் கவட்டைக்கு அடியில் ஒரு வட்டம் போட்டார். அணில் தன் பெல்ட்டைக் கட்ட வேண்டிய இடம் அது. மாஸ்டர் வட்டம் போட்டுவிட்டால் அப்புறம் பேச்சே கிடையாது. பதினாலு வருஷத்தில் ஒரு வட்டமும் பொய்த்ததில்லை.

அணில் பாட்டை முணுமுணுத்துக்கொண்டே பெல்ட்டை மாட்டினான், ஹெல்மெட்டை மாட்டினான், ஏணியில் ஒரு காலை வைத்தான்.

அக்கா கையுறையை எடுத்தாள். ஒரு கையில் போட்டாள். இன்னொன்றைப் போடவில்லை.

அந்தச் சத்தம் அவள் காதிலேயே நின்றுகொண்டிருந்தது. எங்கேயோ கேட்ட சத்தம். மரத்தில் கேட்ட சத்தமில்லை. நல்ல மரம் என்றால் அடியில் ஒரு குரல், மேலே போகப் போகக் கொஞ்சம் மெலிந்த குரல் என்று மாறிக்கொண்டே வரும். பதினாலு வருஷம் கீழே நின்று கேட்டவளுக்கு இது தெரியாதா? இந்த மரம் ஒன்பது இடத்திலும் ஒரே மாதிரி பேசியது. டொக், டொக். சட்டென்று அவளுக்குப் பொறி தட்டியது. அவள் கை தானாக டீ வடிகட்டியைத் தேடியது.

அது அவள் வீட்டு அடுப்படிச் சுவரின் சத்தம்.

இப்போது அவள் நிலைமையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நர்ஸம்மா பின்வாசலில் நிற்கிறார். பக்கத்து வீட்டுக்காரர் மதிலுக்கு மேலே கழுத்தை நீட்டிக்கொண்டிருக்கிறார். இத்தனை பேர் முன்னால், 'உங்க காது தப்பு' என்று மாஸ்டரிடம் எப்படிச் சொல்வது? அந்த மனுஷனுக்கு இருக்கிற சொத்தே அந்தக் காது ஒன்றுதான். அதற்காக வாயை மூடிக்கொண்டு தம்பியை ஏற விடவும் முடியாது.

அவர்களுக்குள் ஒரு சட்டம் உண்டு. கயிறு பிடிக்கிறவள் இரண்டு கையிலும் கையுறை போடாமல் யாரும் தரையை விட்டு எழும்பக் கூடாது. அக்கா போட்டிருந்த ஒரு கையுறையையும் கழற்றினாள். சுருட்டி வைத்திருந்த கயிற்றின் மேல் சட்டமாக உட்கார்ந்துகொண்டாள்.

"என்ன ஆச்சு?" என்றார் மாஸ்டர்.

"ஒண்ணும் ஆகல. உட்காந்திருக்கேன்."

"அக்கா, நான் ஏணில நிக்கிறேன்" என்றான் அணில்.

"நில்லு. ஏணி உன்னைத் தாங்கும். அது போதும்."

மாஸ்டர் கிட்டே வந்து குனிந்தார். அவள் அவருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள். "கோவப்படாதீங்க. அந்தச் சுத்தியலை எடுத்துட்டுப் போய் இந்தம்மா வீட்டுச் சுவத்துல ஒரு தட்டு தட்டுங்க. அப்புறம் மரத்துல தட்டுங்க."

"சுவத்துக்கும் மரத்துக்கும் என்ன சம்பந்தம்? உனக்கு வெயில் ஏறிடுச்சு."

"ஏறிட்டுப் போகட்டும். தட்டுங்க."

முணுமுணுத்துக்கொண்டே போனார். சுவரில் டொக். மரத்தில் டொக். திரும்பச் சுவரில். திரும்ப மரத்தில். நான்காவது தடவை சுத்தியல் பாதி வழியில் நின்றது. மாஸ்டர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

நர்ஸம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "ஏன் எங்க வீட்டையும் சேத்துத் தட்டறீங்க? மரம் நல்லாத்தானே இருக்கு? எங்க வீட்டுக்காரரு அதுக்கு அவ்வளவு வைத்தியம் பாத்தாரே" என்றார்.

"என்ன வைத்தியம்மா?" என்று கேட்டாள் அக்கா.

"முப்பது வருஷம் இருக்கும். நடுவுல பெரிய பொந்து விழுந்து, மழைத் தண்ணி தேங்கி நின்னுது. மரம் செத்துடும்னு இவரு ரெண்டு நாள் லீவு போட்டு, மேலேருந்து கீழ வரைக்கும் சிமெண்டைக் குழைச்சு அடைச்சாரு. பல்லுல ஓட்டையை அடைக்கிற மாதிரி. அப்புறம் பட்டை வளந்து மூடிடுச்சு."

மாஸ்டர் டிரில்லை எடுத்து, நின்ற இடத்திலிருந்தே எட்டி, சாக்பீஸ் வட்டத்துக்கு ஒரு முழம் கீழே துளை போட்டார். மூன்று விரல் ஆழத்துக்கு மரத்தூள் வந்தது. அப்புறம் கிறீச்சென்று ஒரு சத்தம், சாம்பல் நிறப் பொடி கொட்டியது. அவர் அத்தனை நேரம் தட்டி ரசித்த பயில்வான், மூன்று விரல் கனத்துக்கு ஓடு போர்த்திய சிமெண்ட். அந்த சிமெண்டுக்கு மேலே முப்பது வருஷத் தண்ணீர் எங்கே போய்த் தங்கியிருக்கும் என்று அவருக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. சரியாக வட்டம் போட்ட இடத்தில்தான்.

"மாப்ள, இறங்கு" என்றார்.

"நான் ஏறவே இல்லையே மாமா."

"ஏணியை விட்டும் இறங்குடா!"

மூவரும் கயிற்றுச் சுருளைச் சுற்றி உட்கார்ந்து யோசித்தார்கள். கிரேன் கொண்டு வரலாம் என்றால், அந்தச் சந்தில் இரண்டு சைக்கிள் எதிரெதிரே வந்தாலே ஒன்று பின்னால் போக வேண்டும். கயிறு கட்டி இழுத்துச் சாய்க்கலாம் என்றால், ஓடு எங்கே உடையும், சிமெண்ட் எந்தப் பக்கம் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. "சும்மா மெதுவா ஏறிப் பாக்கவா?" என்று கேட்ட அணில் அக்காவிடமும் மாமாவிடமும் ஒரே நேரத்தில் வாங்கிக் கட்டிக்கொண்டான்.

அக்காதான் நிமிர்ந்து பார்த்தாள். மதிலுக்கு அந்தப் பக்கம், பக்கத்து வீட்டுக் கொல்லையில் இன்னொரு மரம் நின்றது. இதைவிட உயரம், உச்சி வரை பச்சை.

"இந்த மரத்தை எதுக்கு நம்பணும்? அந்த மரத்துல கயிறைப் போட்டு இவனைத் தொங்க விட்டா, இது மேல பாரமே விழாதே. வெட்டற கிளையையும் அதுலயே கட்டி இறக்கலாம்."

மாஸ்டர் அவளை ஒரு பார்வை பார்த்தார். கோபமில்லாத பார்வை. எழுந்து மதில் பக்கம் போனார், இந்தத் தடவை சுத்தியலோடு டிரில்லையும் எடுத்துக்கொண்டு.

ஆனால் அந்த மரத்துக்கு ஒரு சொந்தக்காரர் இருந்தார். இத்தனை நேரம் மதிலுக்கு மேலே கழுத்து நீட்டிய ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர்தான் அவர். தனி ஆள். அவருக்கும் நர்ஸம்மா வீட்டுக்கும் முப்பது வருஷமாகப் பேச்சு வார்த்தை கிடையாது.

"என் மரம், நான் குடுக்கலாம். ஆனா அந்தம்மா நேராக் கேக்கணும். அந்தம்மா வீட்டுக்காரர் என்னைத் திருடன்னு சொன்னாரு. சிமெண்ட் பூசற கரண்டியைக் காணோம்னு, நாலு பேர் முன்னாடி, என் பையைச் சோதிக்கணும்னாரு. நான் யாரு? இருபத்தெட்டு வருஷம் அடுத்தவங்க சில்லறையைத் திருப்பிக் குடுத்தவன்!" என்றார்.

நர்ஸம்மா கதவுக்குப் பின்னாலிருந்து, "அவர்கிட்ட நான் கேக்க மாட்டேன். மரம் நின்னுட்டுப் போகட்டும்" என்றார்.

"நின்னா என் அடுப்படி மேல விழும்னு சொல்லுங்க அவங்ககிட்ட!"

"விழட்டும்னு சொல்லுங்க அவர்கிட்ட!"

இரண்டு பேருக்கும் நடுவே அக்காவுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தலையைத் திருப்பித் திருப்பிக் கழுத்து வலி வந்ததுதான் மிச்சம். பொறுமை போய்விட்டது.

"ரெண்டு பேரும் கொஞ்சம் நிறுத்தறீங்களா? உங்களுக்குக் கரண்டி போச்சு, மானம் போச்சு. எனக்கு இருக்கறது ஒரே தம்பி. இந்தா நிக்கிறானே, இவன்தான். இன்னும் ஒரு நிமிஷத்துல இவனை அந்த மரத்துல ஏத்தியிருப்பேன். என் கையாலயே கயிறு பிடிச்சு ஏத்தியிருப்பேன். இதுல நீங்க கரண்டியைப் பத்திப் பேசறீங்க!"

அணில் தலையைக் குனிந்துகொண்டான். நர்ஸம்மா கதவுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தார். மதில் வரை நடந்தார். "கண்டக்டர் சார், உங்க மரத்துல இந்தப் பிள்ளை ஏறலாமா?" என்று கேட்டார்.

கண்டக்டர் இதை எதிர்பார்த்திருக்கவில்லை போலிருக்கிறது. தொண்டையைச் செருமினார். கை தானாக உயர்ந்தது. "ஏறலாம், ஏறலாம். போலாம் ரைட்!" என்றார்.

மறுநாள் காலை கண்டக்டர் தன் அடுப்படியைக் காலி செய்து, பாத்திரங்களையெல்லாம் முன்னறையில் வரிசையாகப் பயணிகளைப் போல உட்கார வைத்தார். மாஸ்டர் அவருடைய மரத்தைத் தட்டினார், துளை போட்டார், துளையிலிருந்து வந்த தூளை மோந்து பார்த்தார், பிறகு அக்காவைக் கூப்பிட்டு மறுபடி தட்டினார். "கேளு" என்றார். கேட்டாள். அடியில் ஒரு குரல், மேலே ஒரு குரல். அசல் மரம். கையுறைகளை மாட்டினாள்.

அணில் கண்டக்டர் மரத்தில் ஏறி, உயரமான கவட்டையில் கயிற்றைப் போட்டுத் தொங்கிக்கொண்டே மதிலைத் தாண்டி வந்தான். கெட்ட மரத்தை அவன் தொட்டது காலின் நுனியாலும் ரம்பத்தாலும் மட்டும்தான். ஒவ்வொரு கிளையையும் முதலில் கட்டி, அப்புறம் அறுத்தான். மாஸ்டர் இன்னொரு கயிற்றால் அதைக் குழந்தையை இறக்குவதுபோல இறக்கினார். சாப்பாட்டு நேரம் தாண்டி, வெயில் சாயும்போது உச்சி முழுக்கக் காலி. சிமெண்ட் அடைத்த அடிமரத்துக்கு மேலே கவட்டையும் கொஞ்சம் கழுத்தும்தான் மிச்சம். அணிலைக் கண்டக்டர் மரத்துக்கே திரும்பி இறங்கச் சொல்லிவிட்டு, மரத்தின் கழுத்தில் கட்டியிருந்த கயிற்றைத் தூரத்திலிருந்து மூவரும் பிடித்தார்கள்.

இழுக்கவே தேவைப்படவில்லை. கயிறு விறைத்ததுமே கழுத்து மளுக்கென்று ஒடிந்து கொல்லையில் விழுந்தது. உள்ளே மரம் என்று சொல்ல ஒன்றுமில்லை, ஈரமான கறுப்புத் தூள். உடைந்த துண்டின் விளிம்பில் பாதி வட்டம், அடிமரத்தில் மீதிப் பாதி. சாக்பீஸ் வட்டத்தின் நடுவிலேயே ஒடிந்திருந்தது.

அணில் அந்தத் தூளை ஒரு கை அள்ளிப் பார்த்தான். அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். ரொம்ப நேரம் கழித்து, "அக்கா, பசிக்குது" என்றான்.

அக்கா அவன் முதுகில் ஓங்கி ஒரு அறை வைத்தாள். அப்புறம் அதே முதுகில் முகத்தை வைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள்.

மாஸ்டர் ஏணியின் கடைசிப் படியில் உட்கார்ந்திருந்தார். "நான்தான் வட்டம் போட்டேன்" என்றார், யாரையும் பார்க்காமல்.

"நீங்க வட்டம் போட்டீங்க, நான் கையுறை போடல. விடுங்க" என்றாள் அக்கா, மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

நல்லவேளையாக அங்கே சிரிக்கவும் ஒரு விஷயம் மிச்சமிருந்தது. அடிமரத்தின் மேலோடு உரிய உரிய, உள்ளேயிருந்து ஆள் உயரத்துக்கும் மேலே ஒரு சிமெண்ட் தூண் வெளியே வந்தது. அதன் நடுவில் ஒரு மரக் கைப்பிடி நீட்டிக்கொண்டிருந்தது. பூசுகிற கரண்டி. பொந்தை அடைத்த மனுஷர் கரண்டியையும் சேர்த்து உள்ளே போட்டு அடைத்துவிட்டு, பக்கத்து வீட்டுக்காரர் பையைச் சோதிக்கக் கிளம்பியிருக்கிறார்.

கண்டக்டர் மதிலின் மேல் ஏறாத குறை. "பாத்தீங்களா! எல்லாரும் பாத்துக்கோங்க! இறங்கறவங்க எல்லாம் இறங்கிப் பாத்துக்கோங்க!"

நர்ஸம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். கண்ணும் கலங்கியிருந்தது. "எங்கிட்டயும் அப்படித்தான் சார். மூக்குக் கண்ணாடியை நெத்தில வச்சுக்கிட்டு என்னைக் கேப்பாரு. அவருக்குப் பதிலா நான் மன்னிப்புக் கேட்டுக்கறேன்" என்றார். தூணை இடிக்க வேண்டாம் என்றும் சொன்னார். அறுந்துபோன துணிக்கொடியின் ஒரு முனையை அந்தக் கைப்பிடியில் கட்டினார்கள். மறுமுனையைக் கண்டக்டர் தன் வீட்டு ஜன்னல் கம்பியில் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

அடுத்த நாள் காலை அடுப்படியில் டீ கொதித்தது. அக்கா காத்திருந்தாள். வெளியே நாற்காலி இழுக்கும் சத்தம் கேட்டது, மாஸ்டர் உட்காரும் சத்தம் கேட்டது. டொக் மட்டும் வரவில்லை. ஐந்து நிமிஷம் ஆயிற்று. டீ பொங்கி வழிந்து அடுப்பு அணைந்தது, அப்போதும் வரவில்லை. ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். சுத்தியலை மடியில் வைத்துக்கொண்டு, அது யாருடையதோ என்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இருபத்து மூன்று வருஷம் அவள் ஏசித் தீர்த்த சத்தம். அது இல்லாத அடுப்படியில் அவளால் நிற்கவே முடியவில்லை. கரண்டிக் காம்பை எடுத்து, உள்ளேயிருந்து சுவரை இரண்டு தட்டு தட்டினாள். டொக், டொக்.

வெளியே ஒரு நிமிஷம் சத்தமில்லை. அப்புறம் தயங்கித் தயங்கி ஒரு டொக் வந்தது. அதற்குப் பின்னாலேயே நல்ல தெளிவாக இன்னொன்று.

"வருது, வருது! வாயைத் திறந்து கேட்டா முத்தா உதிர்ந்துடும்?" என்று கத்திவிட்டு அக்கா மூன்று டம்ளரில் டீ ஊற்றிக்கொண்டு வெளியே வந்தாள். மூன்றாவது டம்ளருக்கு உரியவன் தன் இரண்டு காலால் நடந்து வாசலில் நுழைந்துகொண்டிருந்தான், பாட்டை முணுமுணுத்துக்கொண்டே.

"என்ன மாமா, காலைலயே சுவத்தைத் தட்டறீங்க? இதுல நான் ஏறலாமா?" என்றான் அணில்.

மாஸ்டர் டீயை ஒரு வாய் குடித்தார்.

"உங்க அக்காவைக் கேளு" என்றார்.